ஒற்றைக் கைச் சட்டை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் மழை பெய்யாத ஒரு நாள் விடிந்தால் சனம் ஜன்னலைத் திறந்து வானத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும். அப்படிப்பட்ட ஊரில் இலையுதிர் காலத்துக்காகக் காத்திருக்கிற தமிழன் ஒருவன் இருக்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் நம்மவர்கள் முடிவு கட்டுவார்கள். யோகலிங்கத்தாரைப் பற்றியும் அப்படித்தான் கட்டினார்கள். செப்டம்பர் பிறந்ததும் மற்றவர்கள் வெயில் போகிறதே என்று மூக்கால் அழுவார்கள். அவர் மட்டும் சப்பாத்தைத் துடைத்து எண்ணெய் பூசி வாசலில் வைப்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்திமூன்று வயதில் ஒரு மெல்லிய சேர்ட்டோடு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய மனிதர். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் குறடும் சுத்தியலும் செய்கிற தொழிற்சாலையில் வேலை. இருட்டில் போய் இருட்டில் திரும்பியவருக்கு மரம் சிவந்ததும் பழுத்ததும் எப்படித் தெரியும்? மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் வேலைத்தலத்தில் இடக்கை சொன்ன சொல் கேட்காமல் தொங்கிவிட்டது. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். உயிருக்கு மோசமில்லை, வேலை மட்டும் போயிற்று. அந்த வருடம்தான் அவர் முதன்முதலாக ஓர் ஒக்டோபர் மாதத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்தவர் சொக்கிப்போனார்.

காலையில் எட்டு மணிக்கு நடை. வுப்பர்டாலில் பழைய ரயில் பாதை ஒன்றைத் தண்டவாளம் கழற்றி நடக்கிற பாதையாக ஆக்கியிருக்கிறார்கள். மலைச்சரிவும் படிக்கட்டுமாக இருக்கிற ஊரில் முழங்காலுக்கு இரக்கம் காட்டுகிற ஒரே பாதை அதுதான். இரண்டு பக்கமும் மரங்கள். பழுத்த இலைகள் ஈரத்தோடு ஒட்டிக்கிடக்கும். யோகலிங்கத்தார் கஸ்தானியன் மரத்துக் கொட்டையொன்றைப் பொறுக்கி இடக்கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே நடப்பார். கைக்குப் பயிற்சி என்பார். பயிற்சி என்பது பாதிதான். அந்தக் கொட்டையின் வழுவழுப்பு அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும்போது இரண்டு பொக்கெற்றும் நிறைந்திருக்கும். அவர் மனைவி புஸ்பவதி அதையெல்லாம் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள்ளிருந்து பொறுக்கி எடுப்பார்.

நடை முடிந்தால் தோட்டம். பாதையின் முடிவில் ஒரு சங்கத்துக்குச் சொந்தமான சின்னச் சின்னத் தோட்டங்கள் இருக்கின்றன. வேலியின் உயரத்துக்குச் சட்டம், மத்தியானத்தில் சத்தம் போடாமல் இருக்கச் சட்டம், மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மரக்கறியோ பழமோ இருந்தே ஆகவேண்டும் என்றும் ஒரு சட்டம். மற்றச் சட்டங்களுக்கு முகம் சுளித்த யோகலிங்கத்தார் அந்தக் கடைசிச் சட்டத்துக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றில் ஒரு பங்கு என்ன, முழுவதிலும் நட்டார். பூசணி, வெங்காயம், பசளிக்கீரை, கண்ணாடிக் கூட்டுக்குள் பச்சை மிளகாய். சங்கத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் புல்லும் பூவும் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். புல்லைத் தின்ன இங்கே என்ன மாடா இருக்கிறது என்று யோகலிங்கத்தார் அவர் போன பிறகு கேட்டார்.

மூன்றாவது காரியம்தான் ஊருக்குத் தெரியாது. அவர் பின்னுவார்.

கை விழுந்த பிறகு புனர்வாழ்வு நிலையத்தில் ஒரு பெண், களிமண்ணா கம்பளி நூலா என்று கேட்டாள். களிமண் குளிர்ந்தது. நூலைத் தொட்டார். முதல் வாரம் ஊசி இரண்டும் சண்டை பிடித்தன. இரண்டாம் மாதம் ஒரு கழுத்துத் துண்டு வந்தது. அகலம் இடத்துக்கிடம் மாறி, பாம்பு இரை விழுங்கியதுபோல இருந்தாலும் துண்டு துண்டுதான். விரல்கள் மடங்கின. சொன்ன சொல் கேட்டன. ஆனால் யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருவர் ஊசியும் நூலுமாக இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தால் கோயில் மண்டபத்தில் பிறகு தலைநிமிர்ந்து சோறு தின்ன முடியுமா? ஆகவே தோட்டத்துக் கொட்டிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பின்னினார். தெரிந்தவர் ஒருவர்தான். பக்கத்துத் தோட்டத்து பிராவு பிரிங்க்மான், நம் வழக்கில் திருமதி பிரிங்க்மான். எழுபத்தாறு வயது. பின்னலில் பிழை பிடிப்பதில் பள்ளிக்கூட வாத்தியார் தோற்றுப்போவார். அவள் வீட்டில் மிஞ்சிய நூலெல்லாம் வேலிக்கு மேலால் யோகலிங்கத்தாரிடம்தான் வரும்.

இவ்வளவும் சந்தோசமான கதை. ஒரு துண்டு மட்டும் அப்படியில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யோகலிங்கத்தாருக்கு ஒரே மகள், வேணுஜா. கார்ல்ஸ்ரூஹே நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. கணவன் சேயோன், நல்ல பொடியன். இரண்டு வருடத்துக்கு முன் வேணுஜா முதல்முறை பிள்ளைத்தாய்ச்சியானபோது, நாலாம் மாதமே இரண்டு குட்டி வெள்ளைச் சட்டையும் ஒரு சோடிக் காலுறையும் வாங்கி, படம் எடுத்து அனுப்பினாள். பிள்ளை பிறக்க முன்னம் உடுப்பு வாங்குவது நம்மவர்களிடம் இல்லாத பழக்கம். பிறந்து, தொட்டிலில் போடுமட்டும் ஒரு நூல்கூட வீட்டுக்குள் வராது. யோகலிங்கத்தார் டெலிபோனில், "இப்ப ஏன் பிள்ளை, பிறகு வாங்கலாம்தானே" என்றார். அவள் சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் பிள்ளை தங்கவில்லை.

அவரும் புஸ்பவதியும் ஓடிப்போனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கிடந்தாள். துக்கத்தில் மனிதன் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் ஆருடைய சொல்லோ வந்து விழும். யோகலிங்கத்தார் கட்டில் பக்கத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அப்பவே சொன்னனான், உடுப்பு வாங்கவேண்டாமெண்டு."

வேணுஜா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அவரோடு கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு வார்த்தையும் பேசவில்லை. ஞாயிறுதோறும் டெலிபோன் வரும். தாயோடு ஒரு மணித்தியாலம். கடைசியில், "அப்பா மருந்து எடுக்கிறாரோ?" என்ற ஒரு கேள்வி புஸ்பவதி வழியாக வரும். "எடுக்கிறன் எண்டு சொல்லும்" என்று அவர் கதிரையில் இருந்தபடி பதில் சொல்லுவார். இரண்டு வருடம் அப்பனும் மகளும் பேசிய பேச்சு இவ்வளவுதான்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் புஸ்பவதி டெலிபோனை வைத்துவிட்டு, "வேணுவுக்கு மூண்டு மாசமாம். தை மாதம் பிள்ளை கிடைக்குமாம். இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமாம்" என்றார். யோகலிங்கத்தார் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதார். வெளியே வரும்போது முகம் கழுவியதுபோல வந்தார்.

மகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? டெலிபோனை வாங்கிப் பேசலாம்தான். வாங்கினால் நாக்கு எழும்பாது. அவர் தலைமுறை ஆம்பிளைகளுக்கு அந்தப் பாடத்தை ஒருவரும் படிப்பிக்கவில்லை. செப்டம்பரில் ஒருநாள் பிராவு பிரிங்க்மான் வேலிக்கு மேலால் நீட்டிய நூல் பழுத்த இலையின் நிறத்தில் இருந்தது. மிக மெல்லிய நூல். குழந்தைகளுக்குரியது என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் வாங்கிக்கொண்டார். எந்தக் காரியத்தைக் கூடாது என்று சொன்னாரோ அதைத் தன் கையாலேயே செய்வது என்று முடிவெடுத்தார். வாயால் சொன்னதைக் கையால் திருப்பி எடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை.

முதுகு வந்தது. நெஞ்சுப் பக்கம் இரண்டு துண்டாக வந்தது. ஒரு கை வந்தது. இரண்டாவது கையில் அவர் மாட்டுப்பட்டார்.

மணிக்கட்டு வரை பின்னியாயிற்று. கடைசி வரிசையை முடிந்து கட்டினால் சட்டை முடிந்தது. அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் பிடித்தது. முடித்த பிறகு ஏதும் நடந்துவிட்டால்? அவர் ஊசியை உருவிக் கையை முழுவதும் அவிழ்த்தார். மறுநாள் திரும்பப் பின்னினார். திரும்ப அவிழ்த்தார். இப்படியே மூன்று வாரம். முடிக்காத சட்டை சட்டையல்ல, சட்டையல்லாததால் சாத்திரத்தில் குற்றமில்லை என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டார். வழக்குப் பேசுவதில் யாழ்ப்பாணத்தானை வெல்ல ஆளில்லை, எதிராளியும் நீதவானும் அவனே என்றால் கேட்கவேண்டுமா?

நூல் அவிழ்த்து அவிழ்த்து நுனியில் பூனைமயிர்போலப் பொங்கிவிட்டது. பிராவு பிரிங்க்மான் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கந்தசஷ்டி விரதம் முடிந்து புஸ்பவதி பாறணை செய்த கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம் வேணுஜா ரயிலேறித் தனியே வந்தாள். ஏழாம் மாதம். தாயின் கைச் சோறு தின்ன ஆசை என்றாளாம். யோகலிங்கத்தார் வாசலில் நின்றார்.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

அவள் உள்ளே போனாள். அவர் அவளுடைய பையைத் தூக்கி அறையில் வைத்துவிட்டு, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் சீலையைச் சரிபண்ணினார்.

மறுநாள் தோட்டத்தில் தண்ணீர் நிற்பாட்டுகிற நாள். உறைபனி வருமுன் குழாய்களை வெறுமையாக்கிப் பூட்டவேண்டும். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு அவர் விடியவே தப்பி ஓடிவிட்டார். வாளிகளைக் கவிழ்த்தார். உள்ளிப் பல்லுகளை நட்டு மேலே இலைச்சருகு பரப்பினார். மிஞ்சிய பூசணிக்காய்களைக் கொட்டிலுக்குள் அடுக்கினார். பிறகு கதவைச் சாத்தாமல், வெளிச்சம் வேண்டியிருந்ததால், வாங்குப் பலகையில் உட்கார்ந்து அதே கையை ஒன்பதாம் முறையாகப் பின்னத் தொடங்கினார். பத்து மணிக்கு எடுக்கவேண்டிய மருந்துக் குளிசையை வீட்டு மேசையில் மறந்துவிட்டு வந்தது அவருக்கு நினைவில்லை.

புஸ்பவதி மறக்கவில்லை. "நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்தானே, நீ கொண்டுபோய்க் குடு" என்று மகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். தாய்மாருக்கு ஒரு குளிசையில் இரண்டு வருத்தத்துக்கு மருந்து கொடுக்கத் தெரியும்.

நிழல் விழவும் யோகலிங்கத்தார் நிமிர்ந்தார். வாசலில் மகள். வயிற்றின் மேல் கோட்டின் பொத்தான் பூட்டுப்படவில்லை. நடந்து வந்ததில் கன்னம் சிவந்திருந்தது. அவர் பின்னலை அவசரமாகப் பூசணிக்காய்க்குப் பின்னால் தள்ளினார். நூல் பந்து மட்டும் உருண்டு அவள் காலடிக்குப் போயிற்று.

"என்னப்பா அது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கைக்குப் பயிற்சி."

அவள் குனிய முடியாமல், நூலைப் பிடித்து இழுத்தாள். பூசணிக்காய்க்குப் பின்னாலிருந்து சட்டை மெதுவாக ஊர்ந்து வந்தது. அதைத் தன் உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குச் சற்றே பெரிது.

"ஒரு கையைக் காணேல்லை" என்றாள்.

"அது... பின்னிக்கொண்டிருக்கிறன்."

வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்த பிராவு பிரிங்க்மானுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அவள் ஜெர்மன் மொழியில் சத்தமாகச் சொன்னாள்: "மகளா? நல்லது. நீங்களே கேளுங்கள். மூன்று வாரமாக அந்தக் கையைப் பின்னுகிறார், முடிகிற நேரம் அவிழ்க்கிறார். குழந்தைக்கு இரண்டு கை இருக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்."

ஜெர்மன்காரர் நேர்மையானவர்கள் என்று சும்மாவா சொல்லுகிறார்கள். யோகலிங்கத்தாருக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

வேணுஜா தகப்பனுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் இருந்தாள். "ஏன் அவிழ்க்கிறீங்கள்?"

பொய் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. "முடிச்சால் அது உடுப்பாப் போகும் பிள்ளை" என்றார்.

அவளுக்கு விளங்கியது. முகம் ஒருகணம் அந்த ஆஸ்பத்திரிச் சுவர்ப்பக்கம் திரும்பியதுபோல இருந்தது. இப்போது எழும்பிப் போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் போகவில்லை.

"எங்கடை வீட்டிலை ஒண்டுமில்லை அப்பா" என்றாள். "ஒரு காலுறைகூட இல்லை. பிரசவத்துக்கு வாற மருத்துவிச்சி என்னென்ன வேணுமெண்டு ஒரு லிஸ்ட் எழுதித் தந்தவ. அது ஃப்ரிட்ஜிலை ஒட்டிக் கிடக்குது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேயோன் வா போவம் எண்டு கேக்கிறார். நான் கடை வாசல் மட்டும் போறன். உள்ளுக்குப் போக ஏலாமல் திரும்பி வாறன்."

அவர் உருண்டுபோன நூல் பந்தைக் குனிந்து எடுத்தார்.

"ஆய்வுகூடத்திலை வேலை செய்யிறன். ஏன் அப்பிடி நடந்ததெண்டு ரிப்போர்ட் முழுக்கப் படிச்சனான். உடுப்பாலை இல்லையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை நீளுதில்லை அப்பா. நீங்கள் சொன்னது காதுக்குள்ளையே நிக்குது."

இரண்டு வருடமாக மகள் தன்மேல் கோபம் என்றுதான் யோகலிங்கத்தார் நினைத்திருந்தார். கோபமென்றால் பரவாயில்லை, தகப்பன் தாங்கிக்கொள்ளலாம். தான் சொன்ன சொல் அவளுக்குள்ளே இருந்துகொண்டு, வரப்போகிற பிள்ளைக்கு ஒரு காலுறை வாங்கவும் விடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாக்கு எழும்பாது என்று இவ்வளவு நாளும் பயந்தவருக்கு, அது எழும்பியதே தெரியவில்லை.

"நான் சொன்னது பிழை" என்றார். "பிள்ளை போனது உடுப்பாலை இல்லை. நீ செய்த ஒண்டாலையும் இல்லை. எனக்குத் தாங்க ஏலாமல் போச்சு, ஆரையாவது குற்றம் சொல்லவேணும்போலை இருந்தது. கிடந்த உன்னைச் சொல்லிப்போட்டன். அப்பிடி ஒரு தகப்பன் சொல்லக்கூடாது. என்னை மன்னிச்சுக்கொள் அம்மா."

வேணுஜா அழுதாள். மூக்கைத் துடைக்கத் துண்டு தேடி, கிடைக்காமல், மேசையிலிருந்த அந்தப் பாம்புக் கழுத்துத் துண்டை எடுத்துத் துடைத்தாள். பிறகு சட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"அப்ப முடியுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார்.

"இப்ப, எனக்கு முன்னாலை முடியுங்கோ. முடிக்காமல் விட்டால் நீங்கள் இன்னும் அதை நம்புறீங்கள் எண்டுதானே. நீங்கள் நம்பினால் நானும் நம்புவன்."

யோகலிங்கத்தார் ஊசிகளை எடுத்தார். முப்பது வரிசை பாக்கி. வேணுஜா கவிழ்த்த வாளியொன்றில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிராவு பிரிங்க்மான் வேலிக்கு மேலால் நீட்டிய அப்பிளைக் கடித்தாள். வெளியே யாரோ ஒருவன் தண்ணீர் பூட்டியாயிற்று என்று கத்திக்கொண்டு போனான். ஒருதரம் ஒரு கண்ணி நழுவிவிட்டது. அவள் கையை நீட்டித் துணியின் மறு நுனியை இழுத்துப் பிடித்தாள், அவர் ஊசி நுனியால் கண்ணியைத் தூக்கி எடுத்தார்.

கடைசி வரிசை வந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். நல்லூர் முருகனை மனதுக்குள் ஒருதரம் கூப்பிட்டுத்தான் அவர் அந்த நூலை அறுத்தார். கையின் விளிம்புகளைச் சேர்த்துத் தைத்து, முடிச்சுப் போட்டார். ஒரு தோள் மற்றத் தோளைவிடக் கொஞ்சம் உயரம். மகளிடம் நீட்டினார்.

"குளிசையைப் போடுங்கோ முதல்" என்றாள் அவள், வாங்கிக்கொண்டு.

வீட்டில் புஸ்பவதி அந்தச் சட்டையைக் கண்டதும், "ஐயோ, பிறக்க முன்னம்..." என்று தொடங்கினார். மகள் முகத்தைப் பார்த்தார். புருசன் முகத்தையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு சட்டையை வாங்கி முகர்ந்தார்.

"இது ஆர் பின்னினது?"

"நான்தான்" என்றார் யோகலிங்கத்தார்.

கல்யாணம் கட்டி முப்பது வருடத்தில் புஸ்பவதி பேச்சில்லாமல் நின்றது அன்றைக்குத்தான். பிறகு, "பூசணிக்காய் மணக்குது, இப்பிடியே போட்டால் பிள்ளைக்குக் கடிக்கும்" என்று சொல்லி, இளஞ்சூட்டு நீரில் மெல்லத் தோய்த்து, துவாயில் சுற்றிப் பிழிந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக் காயப்போட்டார். போகிறபோக்கில் தோளைக் கொஞ்சம் இழுத்துச் சரிபண்ணியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேணுஜா போனாள். அடுத்த கிழமை முழுவதும் மழை. யோகலிங்கத்தார் குடையோடு நடந்தார், தோட்டத்து இலையை அள்ளினார், ஆனால் ஊசியைத் தொடவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவள் என்ன நினைக்கிறாளோ என்ற யோசனை அவரைத் தின்றது.

மறு ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு டெலிபோன் அடித்தது. புஸ்பவதி எடுத்தார். அவர் கதிரையில் இருந்து, மருந்துக் கேள்வி வருமட்டும் காத்திருந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. புஸ்பவதி டெலிபோனை அவர் பக்கம் நீட்டினார்.

"உங்களோடைதான் கதைக்கவேணுமாம்."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"அப்பா, நேற்றுக் கடைக்கு உள்ளுக்குப் போனனான்" என்றாள் வேணுஜா. "தொட்டில் வாங்கியாச்சு. சேயோன் இப்ப அதைப் பொருத்தத் தெரியாமல் நிலத்திலை இருக்கிறார். தொப்பி மட்டும் வாங்கேல்லை. அது நீங்கள் பின்னுவீங்களோ?"

"ஓம் பிள்ளை" என்றார் யோகலிங்கத்தார். பிறகு, "தலை எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.